எந்தப் பைத்தான் வேகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பைத்தான் என்பது மொழியின் பெயர். அதை ஓட்டிக் காட்டும் மென்பொருள் ஒன்றல்ல, பல. நம்மில் பெரும்பாலோர் நிறுவி வைத்திருப்பது சி மொழியில் எழுதப்பட்ட சி-பைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி ஓடும் பகுதிகளை எந்திரக் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும் ஜிட் கம்பைலரோடு வருவது பைபை (டாட்டா காட்டும் பைபை அல்ல). ஜாவா மேடைக்கு ஜைதானும் கிரால்பையும் இருக்கின்றன. சின்னச் சில்லுகளுக்கு மைக்ரோபைத்தான். இவற்றை ஓட்டிப் பார்த்து எது வேகம் என்று சொல்வது எப்படி? வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: 1 முதல் 10 கோடி வரை கூட்டும் லூப் ஒன்றை எழுதி ஓட்டினேன். சி-பைத்தானில் பல நொடிகள் ஆனது. பைபையில் கண்ணிமைக்கும் நேரம். அந்த ஆசையில் என் ப்ராஜெக்ட்டைப் பைபைக்கு மாற்றினேன், முன்பைவிட மெதுவாகிவிட்டது. எந்த அளவை நம்புவது?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இரண்டையும் நம்பலாம். நீங்கள் கேட்ட கேள்விகள்தான் இரண்டு.

அந்த லூப்பில் சி-பைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் பைட்கோடு எனும் இடைநிலைக் கட்டளைகளைப் படிக்கிறது, கூட்டுத்தொகைக்கு மெமரியில் புதிதாக ஓர் எண் ஆப்ஜெக்ட் உண்டாக்குகிறது, பழையதை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற குறிப்பு எண்ணிக்கையைக் குறைத்து விடுவிக்கிறது. பைபை அதே லூப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். இயல்பு அமைப்பில் 1039 சுற்று தாண்டியதும், “இது சூடான இடம்” என்று முடிவுகட்டி, ஒரு சுற்றில் நடப்பதைப் பதிவு செய்து எந்திரக் கட்டளையாக மாற்றிவிடும். அதன்பிறகு எண்கள் சிபியுவுக்குள் உள்ள ரெஜிஸ்டரிலேயே கிடக்கும். ஆப்ஜெக்ட் எதுவும் பிறப்பதில்லை. மீனுக்கு நீச்சல் பந்தயம் வைத்த கதைதான் இது.

அந்தச் சோதனையிலும் இரண்டு இடத்தில் சி-பைத்தானுக்கு அநியாயம் நடந்திருக்க வாய்ப்புண்டு. லூப்பை ஃபங்ஷனுக்குள் வைத்தீர்களா, கோப்பின் மேல்மட்டத்தில் அப்படியே எழுதினீர்களா? மேல்மட்டத்தில் எழுதினால் ஒவ்வொரு பெயரும் டிக்ஷனரியில் தேடி எடுக்கப்படும். ஃபங்ஷனுக்குள் என்றால் வரிசை எண்ணைக் கொண்டு நேரே எடுக்கப்படும். பைபைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, சி-பைத்தானுக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவது, விடையை அச்சிட்டீர்களா? யாரும் பயன்படுத்தாத விடையைக் கணக்கிடாமலே விட்டுவிட ஒரு நல்ல கம்பைலருக்கு உரிமை உண்டு. உங்கள் கணக்குக்கு 5000000050000000 வரவேண்டும். அது வந்ததா என்று நிரலே சரிபார்க்கட்டும். விடை தவறினால் அந்த ஓட்டத்தின் நேரத்தைத் தூக்கிப் போடுங்கள்.

இனி ப்ராஜெக்ட். அங்கே மெதுவானதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. நிரல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் ஜிட் சூடேறவே நேரம் கிடைத்திருக்காது. அல்லது நம்பை, பாண்டாஸ் போல சியில் எழுதிய நூலகங்கள் இருக்கும். அவை சி-பைத்தானின் உள்ளமைப்பை நம்பி எழுதப்பட்டவை. பைபை அந்த அமைப்பை நடித்துக் காட்டவேண்டியிருப்பதால், எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் தனிச் செலவு.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: லூப்புக்குள் += போட்டு நீளமான சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, கட்டுவது. அந்தச் சரத்தை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்று குறிப்பு எண்ணிக்கையிலிருந்து சி-பைத்தானுக்குத் தெரியும். ஆகவே இருக்கும் இடத்திலேயே நீட்டிக்கொள்ளும். பைபையில் குறிப்பு எண்ணிக்கையே கிடையாது. ஒவ்வொரு முறையும் பழைய சரம் முழுவதையும் புதிய இடத்துக்கு நகலெடுக்கும். 1 லட்சம் துண்டுகளைச் சேர்த்தால் முதல் துண்டு ஏறத்தாழ 1 லட்சம் முறை நகலாகிறது. துண்டுகளை ஒரு லிஸ்ட்டில் போட்டுக் கடைசியில் ஒரே ஒரு ஜாயின் போடுங்கள், இரண்டிலும் வேகமாக ஓடும்.

‘பந்தயத்துக்காக நிரலை மாற்றலாமா’ என்று கேட்பீர்கள். சரம் இடத்திலேயே நீளும் என்று மொழி எங்கும் உறுதி தரவில்லை. அது சி-பைத்தான் தன் பங்குக்குச் செய்யும் சலுகை. ஒருவருடைய சலுகையில் சாய்ந்து நிற்கும் நிரலை வைத்து மற்றவரை மட்டம் தட்டுவது சரியில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் உள்ள நிரல் முழுவதும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, மாற்றவும் முடியாது என்றால், அந்த அளவும் உங்களுக்கு வேண்டிய அளவுதான். இரண்டையும் எடுத்து, எது எது என்று பெயரிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பைத்தானோடு வரும் நேரம் அளக்கும் கருவியான டைம்இட் போதாதா? எத்தனை முறை ஓட்டவேண்டும்? வரும் நேரங்களில் எதை எடுப்பது: குறைந்ததா, சராசரியா?
— மென்பொருள் சோதனையாளர், சென்னை

பதில்: ஒரே சி-பைத்தானுக்குள் இரண்டு வரிகளை ஒப்பிட டைம்இட் போதும். இரண்டு வேறு பைத்தான்களை ஒப்பிட வேண்டாம். பைபையில் அதை ஓட்டினால், இது நம்பத்தகாத கருவி, பைபெர்ஃப் போல வேறொன்றைப் பயன்படுத்து என்று அதுவே எச்சரிக்கும். இவ்வளவு நேர்மையான கருவியை வேறெங்கும் பார்ப்பது அரிது.

காரணத்தைச் சொல்கிறேன். கட்டளை வரியிலிருந்து ஓட்டினால் டைம்இட் 5 முறை அளந்து மிகக் குறைந்ததைத் தருகிறது. மற்ற ப்ராசஸ்களின் குறுக்கீடு நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது, எனவே குறைந்ததுதான் உண்மைக்கு அருகில் என்பது அதன் வாதம். அந்த வாதம் நிற்கவேண்டுமானால், ஏற்ற இறக்கம் எல்லாமே வெளியிலிருந்து வரும் தொல்லையாக இருக்கவேண்டும். ஜிட் கம்பைல் செய்வதும், வேண்டாத ஆப்ஜெக்ட்டுகளை மெமரியிலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் ஓடுவதும் வெளித் தொல்லைகள் அல்ல. அந்தப் பைத்தானே செலவழிக்கும் நேரம். அவை நிகழாத அதிர்ஷ்டச் சுற்றைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் வேகம்’ என்றால் எப்படி? போதாக்குறைக்கு, டைம்இட் அளக்கும்போது கார்பேஜ் கலெக்டரையே அணைத்து வைக்கிறது. பைபையில் அப்படி அணைத்தாலும் பெரிய சேகரிப்புகள்தான் நிற்கும், சின்னவை தொடரும். ஆப்ஜெக்ட்டுகளை அள்ளி இறைக்கும் நிரலில் ஒருவர் வீடு பெருக்காமலே ஓடுவார், மற்றவர் பெருக்கிக்கொண்டே ஓடுவார்.

இன்னொன்று, ஒரே ப்ராசஸுக்குள் ஆயிரம் முறை ஓட்டினாலும் சில விஷயங்கள் மாறவே மாறாது. பைத்தான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் (டிக்ஷனரியில் இடம் கண்டுபிடிக்க உதவும் எண்) ஒவ்வொரு ப்ராசஸிலும் வேறாக வரும். டிக்ஷனரியில் எது எதோடு மோதும் என்பது ப்ராசஸ் தொடங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நிரல் மெமரியில் எந்த முகவரியில் உட்காருகிறது என்பதும் அப்படியே. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லினக்ஸ் என்விரான்மென்ட் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே சி நிரல்களின் வேகம் மாறுவதையும், அதனால் ‘இந்த கம்பைலர் தெரிவு பயன் தருகிறதா இல்லையா’ என்ற முடிவே தலைகீழாகக் கூடும் என்பதையும் காட்டியது. உங்கள் யூசர்நேம் நீளமாக இருப்பதுகூட ஒரு காரணியாகலாம்.

ஆகவே ப்ராசஸையே பல முறை புதிதாகத் தொடங்க வேண்டும். பைபெர்ஃப் இதைத் தானே செய்யும். சி-பைத்தானுக்கு 20 ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் 3 அளவு. ஜிட் இருந்தால் 6 ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் 10 அளவு. இரண்டுக்கும் 60 அளவுகள் சேரும். ஹாஷ் விதையை 0 என்று உறைய வைத்துவிட்டு ‘பார், அளவு ஆடவே இல்லை’ என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆட்டம் நின்றது உண்மைதான்; ஒரே ஒரு அதிர்ஷ்டத்தை ஆணியடித்து வைத்திருக்கிறீர்கள். பல விதைகளில் ஓடட்டும்.

வெளியிட வேண்டியது நடு அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) பரவலும். இரண்டு பைத்தான்களின் பரவலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், 2 சதவீதம் வேகம் என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஜிட் உள்ளவற்றுக்கு முதல் சில சுற்றுகளைக் கழித்துவிட்டு அளப்பது நியாயமா? அது சலுகை இல்லையா?
— பேராசிரியர், கோவை

பதில்: எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாள் முழுக்க ஓடும் சர்வருக்குக் கழிக்கலாம். கிரான் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து சிறு வேலை பார்த்துவிட்டுப் படுக்கும் ஸ்கிரிப்ட்டுக்குக் கழித்தால் பொய். அந்த ஸ்கிரிப்ட்டின் வாழ்நாள் முழுவதுமே சூடேறும் காலம்தான்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. அ என்ற பைத்தானுக்கு ஒரு பதிவைப் படித்து முடிக்க எப்போதும் 10 மில்லிநொடி. ஆ என்பதற்கு முதல் 200 பதிவுகளுக்குத் தலா 25, அதன்பின் தலா 2. இருநூறாவது பதிவு முடியும்போது அ-வுக்கு 2 நொடி ஆகியிருக்கும், ஆ-வுக்கு 5. பின்தங்கிய 3 நொடியை ஆ பதிவுக்கு 8 மில்லிநொடி வீதம் ஈடுகட்டவேண்டும். அதற்கு 375 பதிவுகள். ஆக, 575 பதிவுகளில் சமநிலை. ஒரு தடவைக்கு 300 பதிவுதான் வருமென்றால் ‘ஐந்து மடங்கு வேகமான’ ஆ உங்களுக்குத் தோல்வி. இந்தச் சமநிலைப் புள்ளியை அறிக்கையில் எழுதுபவர்கள் குறைவு; வாசகருக்கு அதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை.

‘முதல் 10 சுற்றைக் கழித்தோம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஜிட் நிரல் முதலில் மெதுவாக ஓடி, பிறகு வேகமெடுத்து, அப்படியே நிலைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். 2017-இல் இதைச் சோதித்த ஓர் ஆய்வு, பைபை போல நிரலை ஓட்டும் பிரபலமான விர்ச்சுவல் மெஷின்களில் சிறிய, நன்கு அறிமுகமான நிரல்களை ஒவ்வொரு ப்ராசஸிலும் 2000 சுற்று ஓட்டிப் பார்த்தது. உச்ச வேகத்தை எட்டி அங்கேயே ஒவ்வொரு தடவையும் நிலைத்தவை மெஷின்-நிரல் இணைகளில் அதிகபட்சம் 43.5 சதவீதம்தான். சில, போகப் போக மெதுவாயின. சில நிலைக்கவே இல்லை. ஒரே நிரல் ஒரு ப்ராசஸில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் நடந்துகொண்டது. அதனால் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கோப்பில் சேமித்து, வரைபடமாகப் போட்டுக் கண்ணால் பாருங்கள். எங்கே சமதளம் தொடங்குகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்னால் உள்ளதைத் தனியாக, பின்னால் உள்ளதைத் தனியாக எழுதுங்கள். சமதளமே இல்லையென்றால் மொத்த நேரத்தைக் கொடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை. என்ன செய்யலாம்?
— வாசகர், மதுரை

பதில்: சார்ஜரைச் செருகுங்கள், பிரவுசரை மூடுங்கள். லினக்ஸ் என்றால் பைபெர்ஃபின் ‘சிஸ்டம் ட்யூன்’ கட்டளையை ரூட் அனுமதியோடு ஓட்டினால் டர்போவை அணைத்து, சிபியு வேகத்தை நிலைப்படுத்தித் தரும். வேலை முடிந்ததும் ‘சிஸ்டம் ரீசெட்’ போட மறந்துவிட்டு, மெஷின் மந்தமாகிவிட்டதே என்று அலையாதீர்கள்.

பெரிய தவறு வரிசையில்தான் நடக்கிறது. அ-வை 30 முறை ஓட்டி முடித்துவிட்டு ஆ-வை 30 முறை ஓட்டினால், அ-வுக்குக் குளிர்ந்த சில்லு, ஆ-வுக்குக் கொதிக்கும் சில்லு. அ, ஆ, ஆ, அ என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். புதிய ப்ராசஸர்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை இருப்பதால் இரண்டும் ஒரே வகைக் கோரில்தான் ஓடின என்பதையும் உறுதி செய்யுங்கள்.

அதற்காக டாஸ்க்செட் போட்டு ஒரே ஒரு கோரில் கட்டிப்போட்டால் இன்னொரு வம்பு வரும். ஜாவா மேடையில் ஓடுபவை கம்பைல் வேலையைத் தனி த்ரெட்டில் செய்கின்றன. ஒரே கோர் என்றால் நிரலும் கம்பைலரும் அந்த ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். பைபை அதே த்ரெட்டில் கம்பைல் செய்வதால் அதற்குப் பாதிப்பில்லை. கட்டாமல் விட்டாலோ, கடிகார நேரம் குறைந்து தெரியும், சிபியு நேரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். பகிர்ந்துகொள்ளும் சர்வரில் அந்த இரண்டாவது கோருக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள் அல்லவா? கடிகார நேரம், சிபியு நேரம் இரண்டையும் எழுதுங்கள். நிரலுக்குள் அளப்பதானால் டைம் மாட்யூலில் உள்ள பெர்ஃப்-கவுண்டரைப் பயன்படுத்துங்கள். சாதாரண டைம் ஃபங்ஷன், கணினிக் கடிகாரம் இணையத்தோடு நேரம் சரிசெய்யும்போது பின்னோக்கியும் நகரலாம்.

கேள்வி: புதிய பதிப்பு 10, 15 சதவீதம் வேகம் என்று செய்தி வருகிறது. சில வாரங்களில் ‘அவ்வளவு இல்லை’ என்று இன்னொரு செய்தி. தெரிந்தவர்களே ஏன் தடுக்கி விழுகிறார்கள்?
— நிரலாளர், பெங்களூரு

பதில்: நீங்கள் சொல்வது பைத்தான் 3.14-இன் புதிய இன்டர்பிரட்டர் (பைட்கோடை ஓட்டும் உட்பகுதி) விஷயம் என்று நினைக்கிறேன். 2025 தொடக்கத்தில் சி-பைத்தானில் டெயில்-கால் முறையிலான புதிய இன்டர்பிரட்டர் சேர்ந்தது. வேகம் அளப்பதற்கான நிரல்கள் அடங்கிய பைபெர்ஃபார்மன்ஸ் தொகுப்பில் சராசரியாக 9 முதல் 15 சதவீதம் வேகம் என்று அறிவித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, ஒப்பிட எடுத்துக்கொண்ட பழைய இன்டர்பிரட்டரை கிளாங் 19 கம்பைலரில் கட்டியிருந்தார்கள். அந்தப் பதிப்பில் இருந்த ஒரு குறை, பழைய பாணி இன்டர்பிரட்டரை மட்டும் மெதுவாக்கியிருந்தது. ஒழுங்கான கம்பைலரில் கட்டிய பழையதோடு ஒப்பிட்டபோது ஆதாயம் 3 முதல் 5 சதவீதம் என்று இறங்கியது. உருவாக்கியவர்களே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். புதியது ஓடியது நிஜம். பக்கத்தில் ஓடியவருக்குக் கால் சுளுக்கு என்பதை யாரும் பார்க்கவில்லை.

நாம் எல்லோரும் சோதனையில் புதியதைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்போம், பழையதைக் கையில் கிடைத்தபடி ஓட்டுவோம். ஆகவே எதிர்த்தரப்பு எப்படிக் கட்டப்பட்டது என்று முதலில் பாருங்கள். சி-பைத்தானை மூலத்திலிருந்து நீங்களே கம்பைல் செய்தால், ‘எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்’, ‘வித்-எல்டிஓ’ என்ற தெரிவுகளைக் கேட்டு வாங்கவேண்டும், கேட்காவிட்டால் வராது. முதலாவது, நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்து அந்த அனுபவத்தை வைத்துத் திரும்பக் கம்பைல் செய்வது. இதனால் வேகம் கணிசமாகக் கூடும். கட்டியாயிற்று, எப்படிக் கட்டியது என்று மறந்துவிட்டதா? சிஸ்கான்ஃபிக் மாட்யூலிடம் ‘கான்ஃபிக்-ஆர்க்ஸ்’ என்ற மாறியைக் கேளுங்கள், கொடுத்த தெரிவுகளை அப்படியே ஒப்பிக்கும். எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு என்பது சிஸ் மாட்யூலின் ‘வெர்ஷன்’ சரத்திலேயே இருக்கிறது. பிழை தேடுவதற்காகக் கட்டும் மெதுவான டீபக் பில்டோடு பந்தயம் விட்டு ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள்.

மொழிப் பதிப்பும் இதில் சேரும். 2022 அக்டோபரில் வந்த 3.11, அதற்கு முந்தைய 3.10-ஐவிட அந்தத் தொகுப்பில் சராசரியாக 1.25 மடங்கு வேகம். பைபை எப்போதும் சில பதிப்புகள் பின்னால்தான் வரும். ஒரே மொழிப் பதிப்பில் ஒப்பிட்டால் இரண்டு தொழில்நுட்பங்களின் வித்தியாசம் தெரியும். இன்று கிடைக்கும் புதியதோடு புதியதை ஒப்பிட்டால் எதை நிறுவுவது என்று தெரியும். தலைப்பில் எதைச் செய்தோம் என்று எழுதவேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: சராசரி எடுக்கும்போது பெருக்குச் சராசரி எதற்கு? சாதாரண சராசரியில் என்ன தவறு?
— கணித ஆசிரியர், ஈரோடு

பதில்: இரண்டே நிரல்கள். முதல் நிரலில் அ-வுக்கு 2 நொடி, ஆ-வுக்கு 1. இரண்டாவதில் அ-வுக்கு 1, ஆ-வுக்கு 2. அ-வை ஆ-வால் வகுத்தால் 2, 0.5, கூட்டுச் சராசரி 1.25, ஆகவே ஆ 25 சதவீதம் வேகம். தலைகீழாக வகுத்தால் 0.5, 2, அதே 1.25, ஆகவே அ 25 சதவீதம் வேகம்! இருவரும் ஒரே நேரத்தில் வெல்ல முடியாது. பெருக்குச் சராசரி (எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பது) எப்படி வகுத்தாலும் 1 என்று சொல்லும். விகிதங்களுக்கு அதுதான். நேரத்தை நேரமாகவே கூட்டுவதானால் சாதாரணக் கூட்டலே சரி.

சதவீதத்திலும் ஓர் எச்சரிக்கை. 10 நொடி 5 நொடியானால் நேரம் 50 சதவீதம் குறைந்தது. வேகம் 100 சதவீதம் கூடியது. நொடிகளை அப்படியே எழுதிவிட்டால் சண்டையே வராது.

கேள்வி: ஒரே ராஸ்ப்பெரி பை பிக்கோ போர்டில் மைக்ரோபைத்தான், அதிலிருந்து பிரிந்த சர்க்யூட்பைத்தான் இரண்டையும் அளக்க விரும்புகிறேன். போர்டு ஒன்றே என்பதால் சிக்கல் இருக்காது அல்லவா?
— டிப்ளமோ மாணவர், சேலம்

பதில்: போர்டு ஒன்று, ஆனால் செய்யும் வேலை ஒன்றல்ல. அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

மேசைக் கணினிப் பைத்தானில் தசம எண் 64 பிட். பிக்கோவில் மைக்ரோபைத்தானுக்கு அது 32 பிட். பின்னப் பகுதிக்கு 23 பிட். சர்க்யூட்பைத்தானில் இன்னும் இரண்டு பிட் குறைவு, 21. ஏனென்றால் அது தசம எண்ணை 32 பிட் கொண்ட ஒரே அலகுக்குள்ளேயே அடக்கி, அதில் 2 பிட்டை ‘இது தசம எண்’ என்ற அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறது. பலன், ஆப்ஜெக்ட்டுகள் உட்காரும் மெமரிப் பகுதியான ஹீப்பில் இடம் தேட வேண்டாம். மைக்ரோபைத்தானோ ஒவ்வொரு தசம விடைக்கும் ஹீப்பில் இடம் எடுக்கும், அவ்வப்போது குப்பை கூட்டும். கோள்களின் நகர்வைக் கணக்கிடும் என்-பாடி நிரலை ஓட்டினால் வேகமும் வேறு, கடைசி இலக்கங்களும் வேறு. இரண்டு விடைகளையும் அட்டவணையில் போடாமல் நேரத்தை மட்டும் போட்டால் பாதி விஷயம் மறைந்துபோகும். முழு எண்களை மட்டும் வைத்து இன்னொரு நிரலும் ஓட்டுங்கள்.

கடிகாரத்தில்தான் உண்மையான பொறி. சர்க்யூட்பைத்தானின் ‘மோனோடானிக்’ ஃபங்ஷன் நொடிகளைத் தசம எண்ணாகத் தருகிறது. போர்டு ஓடத் தொடங்கி நேரம் ஆக ஆக முழு எண் பகுதி பெரிதாகி, பின்னத்துக்கு இடம் சுருங்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது நகரும் படி ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. ஒரு நாள் கழித்து 31 மில்லிநொடிக்கும் மேல். 5 மில்லிநொடி வேலையை அளந்தால் 0 அல்லது 31.25 என்று வரும். நானோநொடிகளை முழு எண்ணாகத் தரும் ‘மோனோடானிக்-என்எஸ்’ஸைப் பயன்படுத்துங்கள். மைக்ரோபைத்தானில் ‘டிக்ஸ்-யுஎஸ்’ முழு எண்தான்; ஆனால் 2-இன் 30-ஆம் அடுக்கை எட்டியதும் மறுபடி 0. அதாவது 18 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு சுற்று. வெறும் கழித்தல் போட்டால் ஒருநாள் குறை எண் வந்து நிற்கும். ‘டிக்ஸ்-டிஃப்’ போடுங்கள், அதுவும் 9 நிமிடத்துக்குக் குறைவான வேலைகளுக்குத்தான்.

இரண்டிலும் சிபியு அதிர்வெண்ணைக் கேட்டுப் பார்த்துச் சமமாக்குங்கள். ஒவ்வொரு அளவுக்கு முன்னும் கார்பேஜ் கலெக்டரை ஒரு முறை ஓட்டுங்கள். சர்க்யூட்பைத்தான் பின்னணியில் யுஎஸ்பி டிரைவ் வேலையும் பார்க்கும் என்பதால் கோப்பைச் சேமித்துக்கொண்டே அளக்க வேண்டாம்.

கேள்வி: எந்த நிரல்களை வைத்துச் சோதிப்பது? இணையத்தில் கிடைக்கும் ஃபேன்குக், மாண்டல்பிராட் போதுமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: அவை சிறியவை, ஒரே லூப்பில் சுற்றுபவை, ஜிட்டுக்கு அல்வா. பைபெர்ஃபார்மன்ஸ் தொகுப்பில் டெம்ப்ளேட் என்ஜின், ஜேசன், ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று கலந்து இருக்கும், அது பரவாயில்லை. எந்தத் தொகுப்பும் பிரபலமானால் எல்லோரும் அதற்கென்றே மெருகேற்றத் தொடங்குவார்கள். கூகுள் 2012-இல் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பான ஆக்டேனை 2017-இல் அவர்களே ஓய்வுக்கு அனுப்பினார்கள். அதில் மதிப்பெண் கூடினாலும் நிஜ இணையப் பக்கங்கள் வேகமாகவில்லை. பொதுத் தொகுப்பை ஓட்டுங்கள், பக்கத்திலேயே உங்கள் சொந்த நிரலின் கனமான பகுதி ஒன்றையும் உண்மையான தரவோடு ஓட்டுங்கள். நேரம் முழுவதும் நம்பையின் மேட்ரிக்ஸ் பெருக்கலில் கழிகிறது என்றால், நீங்கள் அளப்பது பைத்தானை அல்ல.

கேள்வி: மெமரியை எப்படி ஒப்பிடுவது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பைத்தானுக்குள்ளிருந்து கேட்காதீர்கள், ஆப்ஜெக்ட் அளவு சொல்லும் ஃபங்ஷன்கள் எல்லாப் பைத்தானிலும் ஒரே பொருளைத் தருவதில்லை, பைபையில் அது வேலையே செய்யாது. இயங்குதளத்திடம் கேளுங்கள். லினக்ஸில் ஷெல்லுக்குள் உள்ளதை விட்டுவிட்டு, தனி நிரலாக உள்ள ‘டைம்’ கட்டளையை -வி தெரிவோடு ஓட்டினால் உச்ச மெமரியைக் கிலோபைட்டில் சொல்லும். மேக்கில் அதே எண் பைட்டில் வரும். 1024 மடங்கு வித்தியாசத்தைப் பார்த்து அதிர வேண்டாம்.

கேள்வி: ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டு இல்லாத பைத்தானில் 4 த்ரெட் போட்டேன், சாதாரணப் பைத்தானைவிட வேகம் கூடவே இல்லை. ஏமாற்றா?
— பொறியாளர், சிங்கப்பூர்

பதில்: முதலில் பூட்டு உண்மையிலேயே திறந்திருந்ததா என்று பாருங்கள். பூட்டில்லாமல் ஓடத் தயார் என்று தன்னை அறிவிக்காத ஒரே ஒரு சி நூலகத்தை இம்போர்ட் செய்தாலும், அந்தப் பைத்தான் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுப் பூட்டை மறுபடி மாட்டிக்கொள்ளும். எச்சரிக்கை, பதிவுக் கோப்பில் எங்கோ புதைந்து கிடக்கும். இம்போர்ட்டுகள் எல்லாம் முடிந்தபிறகு, சிஸ் மாட்யூலில் அடிக்கோட்டோடு தொடங்கும் ‘இஸ்-ஜிஐஎல்-எனேபிள்ட்’ ஃபங்ஷனை அழைத்துப் பாருங்கள், ‘ஃபால்ஸ்’ வரவேண்டும்.

வந்தது, இருந்தும் வேகம் இல்லை என்றால் பதிப்பைப் பாருங்கள். 3.13-இல் இந்த வகைப் பைத்தான் ஒற்றை த்ரெட்டில் பைபெர்ஃபார்மன்ஸ் கணக்குப்படி சுமார் 40 சதவீதம் கூடுதல் செலவு பிடித்தது, 3.14-இல் அது 5 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கியது. 4 த்ரெட்டுகளின் ஆதாயத்தை அந்தச் செலவு ஓரளவு தின்றிருக்கும். அடுத்து, 4 த்ரெட்டும் ஒரே டிக்ஷனரியிலோ ஒரே லிஸ்ட்டிலோ எழுதுகின்றனவா? அப்படியானால் ஜிஐஎல் போனாலும் அந்த ஆப்ஜெக்ட்டின் தனிப் பூட்டுக்கு வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி லிஸ்ட் கொடுத்துக் கடைசியில் சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பிடும் ஆளையும் சரியாகப் பிடியுங்கள். சாதாரணப் பைத்தானில் இதே வேலையை யாரும் 4 த்ரெட்டில் செய்யப்போவதில்லை. மல்டிப்ராசஸிங்கில் 4 ப்ராசஸ் போட்டுத்தான் செய்வார்கள். அதோடு ஓட்டுங்கள், மெமரியையும் சேர்த்து.